வீட்டிலேயே ஒரு புத்தக வட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கோ.புதூரில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் நாலு வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு தடவை வந்துவிட்டுப் போனவர்கள் திருநகரிலும் மேலூரிலும் வாடிப்பட்டியிலும் தங்கள் வீட்டிலேயே இதுமாதிரி ஆரம்பிக்கப் பார்க்கிறார்கள். ஆரம்பிக்கும் முன்னால் எனக்கு போன் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிப்பதற்கு எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது இலக்கியக் கூட்டம்தானே?

இல்லை. எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் புத்தகம் என்று சொல்லி நாலு பேர் கூடினாலே மைக், பேனர், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மதுரைக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது. சங்கம் வைத்த ஊர். அந்தப் பழைய சங்கக் கதைகள் போதாதென்று, பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மறுபடி ஒரு தமிழ்ச் சங்கம் தொடங்கினார். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மொட்டை மாடியில் அது வேண்டாம்.

எங்கள் முதல் சந்திப்புக்கு என் கணவரின் நண்பர் ஒருவர் கவரில் பொன்னாடை வாங்கி வந்துவிட்டார். "யாருக்குண்ணே இது?" என்றேன். "யாருக்காச்சும் போடணும்ல?" என்றார். வந்திருந்தது மூன்று பேர். கடைசியில் கீழ்வீட்டுப் பாட்டிக்குப் போட்டோம். மார்கழிப் பனிக்கு அதைத்தான் தலையில் சுற்றிக்கொண்டு கோலம் போடுகிறார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கொண்டுவரவில்லை, முறுக்கைத் தவிர.

முதல் நாளே "இங்கே யாரும் எழுந்து நின்று பேசக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். எழுந்து நின்றால் குரல் மாறும், "அவையோர்க்கு வணக்கம்" வரும், அப்புறம் உட்காரவைக்க முடியாது.

எத்தனை பேரைக் கூப்பிடுவது?

பத்துப் பேரிடம் சொன்னால் ஆறேழு பேர் வருவார்கள். பன்னிரண்டுக்கு மேல் போனால் வட்டம் இரண்டாக உடையும். பின்பக்கம் இருப்பவர்கள் தங்கம் விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். மூன்று பேர்தான் வந்தார்கள் என்று ரத்து செய்யாதீர்கள். எங்களுக்கு மிக நன்றாக அமைந்த இரண்டு மூன்று மாலைகளில் நாலு பேர்தான் இருந்தோம்.

எங்கள் வீடு சின்னது. ஹாலில் பத்துப் பேர் உட்கார முடியாதே?

எங்கள் ஹாலிலும் முடியாது. அதனால்தான் மாடி. மாடி இல்லையென்றால் வாசல் திண்ணை, கார் நிறுத்தும் இடம், மரத்தடி எதுவும் ஆகும். ஆனால் மதுரை மொட்டை மாடிக்கு ஒரு குணம் உண்டு. வெயில் இறங்கின பிறகும் தளம் இறங்காது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, ஆறு மணிக்குப் பாய் விரித்து உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரிதான். நாலு மணிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அது புஸ்ஸென்று ஆவியாகிப் போகும். அஞ்சு மணிக்கு இன்னும் இரண்டு குடம் ஊற்றுங்கள். இரண்டாவது தண்ணீர்தான் குளிர்ச்சி தரும். அது காய்ந்த பிறகு ஜமுக்காளம். ஈரத்தோடு விரித்தால் ஜமுக்காளம் நாறும். நான் செய்து பார்த்துவிட்டேன்.

முட்டி வலிக்காரர்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி போதும். அவற்றை ஒரே பக்கமாகப் போடாதீர்கள். நாற்காலிக்காரர்கள் ஒரு பக்கம், பாய்க்காரர்கள் ஒரு பக்கம் என்று ஆனால், மேடையும் சபையுமாக ஆகிவிடும். நாற்காலி, பாய், நாற்காலி, பாய் என்று கலந்து போடுங்கள். ஒரு பயனும் இல்லாத யோசனை மாதிரித் தோன்றும். செய்து பாருங்கள்.

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா?

எந்த வீட்டுக்காரர்? என்னைப் போல வாடகை வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். கட்டின வீட்டுக்காரரை டீ போடும் வேலையில் சேர்த்துவிடுங்கள். சொந்த வேலையாக நினைத்துக்கொள்வார். வீட்டு ஓனரிடம் "மீட்டிங்" என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். கட்சியா, மதமா, சீட்டா, மல்டி லெவல் மார்க்கெட்டிங்கா என்று பயந்துவிடுவார். "மாசத்துக்கு ஒருநா தெரிஞ்சவங்க நாலு பேரு வந்து கதை பேசிட்டு எட்டு மணிக்குள்ள போயிருவாங்க சார்" என்று சொல்லுங்கள். முதல் தடவை அவரையும் கூப்பிடுங்கள். வரமாட்டார். கூப்பிட்டதற்காகச் சும்மா இருப்பார்.

வண்டி விஷயத்தில்தான் நிஜமாகவே சண்டை வரும். எதிர்வீட்டு கேட் முன்னால் இருசக்கர வண்டி நிறுத்தக் கூடாது என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செருப்பை மாடிப்படியில் விடாமல் ஒரு ஓரமாக விடச் சொல்லுங்கள். இருட்டில் இறங்கும்போது இடறும்.

எந்த நாள், எந்த நேரம்?

ஞாயிறு மாலை அஞ்சரை. மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டவர்களை நாலு மணிக்கு எழுப்பிப் புத்தகம் பேசச் சொல்வது பாவம். அஞ்சரை என்று சொன்னால் ஆறுக்கு ஆரம்பிக்கும். ஆறு என்று சொன்னால் ஆறே முக்கால். அதற்கு மேல் இதற்கு விளக்கம் இல்லை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்று நாளை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் "அடுத்தது எப்போ?" என்ற கேள்வியே வராது. ஆனால் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அறிவியுங்கள். ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்தால் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். தை, வைகாசி, ஆவணியில் இது அடிக்கடி நடக்கும். பொங்கலை ஒட்டிய நாட்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டு. கூப்பிட்டாலும் யாரும் வரப்போவதில்லை, டி.வி. முன்னால்தான் இருப்பார்கள்.

சித்திரைத் திருவிழாவில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா நடப்பது தெரியாமல் இல்லை. "நம்ம வீடு கோயில்ல இருந்து தூரம்தானே" என்று ஒரு நினைப்பு. அழகர்கோவிலிலிருந்து கிளம்பும் கள்ளழகர் மூன்றுமாவடி, புதூர் வழியாகத்தான் தல்லாகுளத்துக்கு வருகிறார். அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மொத்த ஊரும் எங்கள் ரோட்டில்தான் நிற்கும். நான் அன்றைக்கு அஞ்சரைக்குச் சந்திப்பு வைத்திருந்தேன். வந்து சேர முடிந்தவர்கள் நடந்து வந்த இரண்டு பேர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூவரும் தெருமுனையில் நீர்மோர் ஊற்றப் போனோம். ஒரு அண்டா தீர்ந்ததும் இன்னொரு அண்டா. நடுவில் அந்த இருவரில் ஒருவர், டம்ளர் அலசிக்கொண்டே, அன்றைக்குப் பேச வேண்டிய நாவலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்: "அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு நாள் கிடைச்சிருந்தா ஊரை விட்டே போயிருக்க மாட்டா." நாங்கள் வைத்த எந்தச் சந்திப்பிலும் யாரும் அவ்வளவு சரியாகப் பேசியதில்லை.

முதல் புத்தகமாக எதை எடுப்பது?

புத்தகமே வேண்டாம், சிறுகதையில் ஆரம்பியுங்கள். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நல்ல தொடக்கம். ஒரே உட்காரலில் சத்தமாகவே படித்து முடிக்கலாம். கடவுள் வந்து காபி கிளப்பில் காபி குடிக்கும் இடம் வரும்போது நீங்களும் காபியைக் கொண்டுவந்து வையுங்கள். மேற்கொண்டு யாரையும் பேசவைக்க வேண்டியிருக்காது.

அதில் இன்னொரு வசதியும் உண்டு. இந்தியாவில் எழுத்தாளர் இறந்த பிறகு 60 வருடத்துக்குப் பதிப்புரிமை. புதுமைப்பித்தன் 1948-இல் இறந்தார். அதனால் அவர் வாழ்ந்த காலத்தில் வெளியான கதைகளை பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் யாருக்கும் துரோகம் இல்லை. மதுரைத் திட்டம் என்ற மின்னூல் திட்டத்தில் அவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 பொங்கலுக்கு ஆரம்பித்த திட்டம் அது. பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து ஏற்றியது. பெயர் மட்டும்தான் நம் ஊர் பெயர்.

அடுத்த படி, குட்டி நாவல். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959-இல் வந்தது, நூறு பக்கம்கூட வராது. ஒரு ஜல்லிக்கட்டு மாலை முழுக்க அதற்குள் இருக்கிறது. மதுரைப் பக்கத்தில் அதை வைத்தால் ஒரு எச்சரிக்கை: நாவலைப் பற்றிப் பத்து நிமிடம்தான் பேசுவீர்கள், மிச்சம் முழுக்க அவரவர் ஊர் மாடு. கீழே வேறொரு கேள்வியில் அந்தக் கதை வரும்.

'காவல் கோட்டம்' மதுரையைப் பற்றியது, சாகித்திய அகாதெமி விருது வாங்கியது என்று ஆசைப்பட்டு முதலிலேயே எடுக்காதீர்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். நாங்கள் மூன்று மாதமாகப் பிரித்துப் படித்தோம். மூன்றாம் மாதம் வந்தவர்கள் நாலு பேர், அதில் முடித்தவர்கள் இரண்டு பேர். நான் முடிக்காத அணி.

புத்தகம் எங்கே வாங்குவது? எல்லோரும் விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

தேவையில்லை. பத்துப் பேருக்கு நாலு பிரதி இருந்தால் சுற்றிச் சுற்றிப் படிக்கலாம். ஒருவர் ஒரு வாரம், அவ்வளவுதான். யாரிடம் இருக்கிறது என்று பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உறுப்பினராக இருந்தால் எடுத்து வரலாம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் குழந்தைகளோடு ஒரு நாள் போய் வாருங்கள். அடுத்த மாதம் என்ன படிப்பது என்று அலமாரி அலமாரியாகப் பார்த்து முடிவு செய்ய அதைவிடக் குளுகுளு இடம் இல்லை. தமுக்கத்தில் வருடா வருடம் புத்தகத் திருவிழா நடக்கும்போது பத்துப் பேரும் சேர்ந்து போய், ஆளுக்கு ஒரு தலைப்பு வாங்கிக் கைமாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். 10 சதவீதத் தள்ளுபடியில் மிச்சமானது வாசலில் மிளகாய் பஜ்ஜிக்குப் போகும்.

இருக்கிற எழுத்தாளரின் புத்தகத்தை ஸ்கேன் பண்ணி பி.டி.எஃப்-ஆக அனுப்புகிறவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உண்டு. நல்ல மனதோடுதான் செய்வார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தமிழில் எழுதி யாரும் மாடி வீடு கட்டவில்லை.

படிக்காமல் வரலாமா?

வரலாம். பள்ளிக்கூடம் இல்லை இது. வீட்டுப்பாடம் செய்யாதவன் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

'வாடிவாசல்' வைத்த மாதம். பாலமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒரு அண்ணன், மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். "உக்காருங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று நிறுத்தினோம். புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. பேச்சில் திமிலைப் பிடிக்கும் இடம் வந்தது. எங்களில் ஒருவர், கல்லூரியில் தமிழ் சொல்லித்தருபவர், அந்தப் பத்தியைப் படித்துவிட்டு "எவ்வளவு துல்லியமான சித்திரிப்பு" என்றார். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தார்கள். என் மகனின் தலையணை அங்கே கிடந்தது. அதை எடுத்து நடுவில் வைத்து, "இந்தா பாருங்க, இதுதான் திமிலு. கையி இப்பிடி அங்கிட்டு இருந்து வரணும். நெஞ்சு ஒட்டணும். ஒட்டலைன்னா அது ஒரு குலுக்குக் குலுக்கும், நீங்க அந்தத் தண்ணித் தொட்டிகிட்டக் கெடப்பீங்க" என்று தலையணையை அணைத்துக்கொண்டே அரை நிமிடம் சுற்றினார். வேட்டி மடித்துக் கட்டியிருந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு, விரல் நீளம். யாரும் கேட்கவில்லை. அவரே ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு தமிழ் ஆசிரியரிடம், "எழுதுனவரு மாட்டைத் தொட்டுப் பாத்தவரா இருக்கணும்" என்றார்.

போகும்போது புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்கவும் இல்லை.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது? எல்லோரும் "நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுகிறார்களே?

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் அதுதானே வரும். கேள்வியை மாற்றுங்கள். "எந்த இடத்துல புத்தகத்தைக் கீழ வச்சீங்க?" என்று கேளுங்கள். சலிப்பில் வைத்தார்களா, தாங்க முடியாமல் வைத்தார்களா என்று அதிலேயே தெரிந்துவிடும். "இதுல யாரை உங்க வீட்டுக்குள்ள விடமாட்டீங்க?" என்று கேட்டால், இதுவரை வாயே திறக்காத பெரியம்மா முதல் ஆளாகப் பேசுவார்.

இல்லையென்றால் ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கவையுங்கள். அந்த வட்டாரத்து ஆள் யாராவது இருந்தால் அவரையே. பூமணியின் 'வெக்கை' எடுத்தபோது கோவில்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் படித்தார். அந்தப் பையனும் அப்பாவும் காட்டுக்குள் ஒளிந்து ஆக்கித் தின்னும் இடம். கண்ணால் படிக்கும்போது எனக்குத் தடுக்கிய வார்த்தையெல்லாம் அவர் வாயில் வழுக்கிக்கொண்டு போனது.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு நக்கீரர் உண்டு. குற்றம் கண்டுபிடிப்பார், சிவபெருமானே வந்தாலும் விடமாட்டார். அவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் முக்கால் மணி நேரம் வேண்டாம். அவருக்கு எதிரில் உட்காராதீர்கள். கண்ணுக்குக் கண் பார்த்தால் அவர் உங்களிடமே பேசிக்கொண்டிருப்பார், நீங்களும் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில், "அக்கா, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே" என்று அடுத்தவர் பக்கம் திரும்பிவிடலாம். அக்கா எதுவும் சொல்ல வந்திருக்கமாட்டார். பரவாயில்லை, சொல்லுவார். அதுவும் பலிக்காவிட்டால் அவரிடமே டீ கெட்டிலைக் கொடுத்து ஊற்றச் சொல்லுங்கள்.

சாதி, அரசியல் பேச்சு வந்தால்?

வரட்டும். நல்ல தமிழ் நாவல் எதை எடுத்தாலும் சாதி வராமல் இருக்காது. அதைத் தாண்டிக் குதித்து "நடை நன்றாக இருந்தது" என்று பேசுவதற்குக் கூட வேண்டியதே இல்லை. கதையில் வரும் சாதியைப் பேசலாம். வந்திருப்பவர்களின் சாதியைத் தேடக் கூடாது. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே கறாரான விதி இது.

தேடுவது எப்படியென்று நம் எல்லோருக்கும் தெரியும். "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு?" என்று ஆரம்பிக்கும். ஊரைச் சொன்னால், "அங்க எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால், "அப்ப இன்னாரைத் தெரிஞ்சிருக்குமே." ஒரு தடவை என் கண் முன்னாலேயே நடந்தது. புதிதாக வந்த ஒரு இளைஞர், இரண்டாம் கேள்வியிலேயே அவர் முகம் மூடிக்கொண்டது. நான் நடுவில் புகுந்து, "அண்ணே, தெருப் பேரெல்லாம் தபால்காரருக்குத்தான்" என்றேன். சிரித்துவிட்டார்கள். சிரிப்பாகவே முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பையன் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. அதிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முன்னிலையில் இல்லாமல், பழைய ஆட்களிடம் முன்கூட்டியே, தனித்தனியாகச் சொல்லிவைக்கிறேன். ஒருவர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேர்தல் மாதத்தில் அரசியலைத் தடுக்க முடியாது. ஒரு கால் மணி நேரம் விட்டுவிட்டு விளக்கைப் போடப் போகிற சாக்கில் எழுந்தால் நின்றுவிடும்.

சாப்பிட என்ன கொடுப்பது?

எண்ணெயும் புத்தகமும் சேராது. இதை நான் ஒரு நூலகப் புத்தகத்தைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டேன். வாழைக்காய் பஜ்ஜி. சாப்பிட்டவர் கையைத் துடைத்துக்கொண்டுதான் புத்தகத்தை எடுத்தார், பாவம். ஆனாலும் 83-ஆம் பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு ஒரு வட்டம். மறுநாள் பார்த்தால் அது 90 வரை இறங்கியிருந்தது. டால்கம் பவுடர் தூவி, மேலே காகிதம் வைத்து அம்மிக்கல்லை ஏற்றிப் பார்த்தேன். வாசனைதான் வந்தது. புதுப் பிரதி வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் பஜ்ஜிப் பிரதி எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நூலகத்தில் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதனால் சுண்டல், அவித்த வேர்க்கடலை, முறுக்கு, தட்டை, கொய்யாப்பழம். கடலைத் தொலிக்கு ஒரு வாளி வையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலை மாடியைக் கூட்டும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். மார்கழி, தை மாதங்களில் பருத்திப்பால் நன்றாகப் போகும். பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவது ஒரு நாள் வேலை. நான் தூக்குவாளியைக் கொடுத்தனுப்பி, சாயங்காலம் வருகிற தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கிவிடுவேன். ஜிகர்தண்டா? ஆசையாகத்தான் இருக்கும். கீழே இறங்கிப் போய் வாங்கி, மாடி ஏறி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகி எல்லாம் ஒரே பாலாகிவிடும். சந்திப்பு முடிந்து கடைக்குப் போய்க் குடியுங்கள்.

டீ கணக்கு: ஒரு லிட்டர் பாலுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். பத்துப் பேருக்கு ஒரு சுற்று தாராளமாக, இரண்டாம் சுற்று அரை டம்ளராக வரும். சர்க்கரை போடாமல் ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாக வையுங்கள். நம் வயதுக்காரர்கள் கூடினால் மூன்று பேருக்காவது அது தேவைப்படும்.

அசைவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் ஒரு அக்கா மட்டன் கோலா உருண்டை செய்து கொண்டுவந்தார். புத்தகமெல்லாம் மூடித் தள்ளிவைக்கப்பட்டது. அன்றைக்கு என்ன நாவல் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

செலவை யார் ஏற்பது?

டீ வீட்டுக்காரர்களுடையது, தின்பண்டம் வருகிறவர்களில் முறைவைத்து ஒருவர். சந்தா, உண்டியல், பொருளாளர் எதுவும் வேண்டாம். பொருளாளர் வந்தால் செயலாளர் வருவார். செயலாளர் வந்தால் பேனர் வரும்.

பெண்கள் இருட்டின பிறகு திரும்பிப் போக வேண்டுமே? பிள்ளைகளை என்ன செய்வது?

ஏழே முக்காலுக்கு முடித்துவிடுங்கள், சரியாக. "இன்னும் அஞ்சு நிமிசம்" என்று ஒரு தடவை இழுத்தால், அடுத்த மாதம் வீட்டில் விடமாட்டார்கள். வருகிறவர்களில் ஒரே பக்கம் போகிறவர்கள் யார் யார் என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். எங்களிடம் மூன்றுமாவடிப் பக்கம் ஒரு ஜோடி, நரிமேடு பக்கம் ஒரு ஜோடி இருக்கிறது. ஒருவர் இல்லாமல் ஒருவர் கிளம்புவதில்லை.

பிள்ளைகள் வரட்டும். மாடியின் இன்னொரு மூலையில் சாக்பீஸைக் கொடுத்துத் தளத்தில் வரையச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வீடுகளில் இடுப்பளவுகூட இருக்காது. அப்படியென்றால் கீழேதான் கூட வேண்டும்.

வாட்ஸ்ஆப் குழு வேண்டுமா?

வேண்டும், ஆனால் அட்மின் மட்டும் செய்தி போடுகிற மாதிரி. இல்லாவிட்டால் மூன்றாம் நாள் காலையில் ரோஜாப்பூவுடன் இனிய காலை வணக்கம் வந்துவிடும். சந்திப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஒன்று, அன்றைக்கு மத்தியானம் ஒன்று. அதற்குமேல் போடுவதில்லை.

மழை வந்தால்? கரண்ட் போனால்?

ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம்தான் கொட்டும். எங்கள் வீட்டு ஹாலில் எட்டுப் பேர் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். முதல் மழைக்கு அடுத்த நாள் மாடியில் விளக்குப் போட்டால் ஈசல் வந்து டீக்குள் விழும். விளக்கை அணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தைப் பக்கத்தில் மட்டும் அடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பேச்சு இன்னும் நன்றாக நடக்கிறது, முகம் தெரியாததாலோ என்னவோ. கொசுவத்திச் சுருளை வட்டத்துக்கு வெளியே வையுங்கள், காற்று வரும் பக்கமாக.

எழுத்தாளரையே கூப்பிடலாமா?

நான் கூப்பிடுவதில்லை. அவர் வந்தால் எல்லோரும் அவரிடம் பேசுவார்கள், ஒருவருக்கொருவர் பேசமாட்டார்கள். அதோடு அந்தப் பொன்னாடை திரும்பி வரும்.

ஆள் குறைந்துகொண்டே போகிறதே?

போகும். பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டில் வயதானவர்கள், வேலை மாற்றம். எங்களுக்கு ஒரு வருடம் மூன்று பேராகச் சுருங்கியது. அப்போது நாவலை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்தோம், சின்ன வயதில் வீட்டில் கிடந்தது எதுவோ அது. ஒருவர் அவர் தாத்தாவின் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரில் இருக்கும் புது மண்டபத்தில் வாங்கியது. அங்கிருந்த கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஓரத்தில் எந்த நாளில் எந்த வயலுக்கு மடை திறந்தது என்று பென்சிலில் எழுதியிருந்தது, வருடம் முழுக்க. அந்த ஓரக் குறிப்பை வைத்தே ஒரு மாலை போனது. அடுத்த மாதம் ஏழு பேர் வந்தார்கள், ஆளுக்கு ஒரு பழைய காகிதத்தோடு.

முடிந்த பிறகும் கிளம்ப மாட்டேன் என்கிறார்களே?

மாடியிலிருந்து இறங்குவார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, வண்டிச் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே இன்னும் இருபது நிமிடம் பேசுவார்கள். மேலே சொல்லத் தயங்கியதெல்லாம் அங்கேதான் வரும். நான் அவசரப்படுத்துவதில்லை. ஓனர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மட்டும் வாசல் விளக்கை அணைத்துவிடுவேன்.

பிறகு மாடியேறி டம்ளர் எண்ணுங்கள். கண்டிப்பாக ஒன்று குறையும், தொட்டிக்குப் பின்னால் இருக்கும். யாராவது எதையாவது விட்டுப் போயிருப்பார்கள். கண்ணாடிக் கூடு, பிள்ளையின் ஒற்றைச் செருப்பு, அடுத்தவர் புத்தகம். குழுவில் போட்டோ போட்டால் வாங்கிக்கொள்வார்கள். ஒரு கறுப்புக் குடைக்கு மட்டும் இரண்டு வருடமாக ஆள் வரவில்லை. மூன்று தடவை போட்டோ போட்டுவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருக்கிறது.